வலப்பக்கம் திரும்பிய நாடு – 8: தோல்வியில் கிடைத்த கட்சி

1960 ஜூலை. சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு. கட்சியின் மிதவாத அணித் தலைவரான நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரின் வீடு தேடிப் போய்த் துணை அதிபர் ரிச்சர்ட் நிக்சன் சமரசம் செய்துகொண்டார் என்ற செய்தியில் பழமைவாதிகள் கொதித்துப்போயிருந்தார்கள். அவர்களிடம் அரிசோனா செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் சொன்னதன் சாரம் இதுதான்: இந்தக் கட்சி நமக்கு வேண்டுமென்றால் முணுமுணுப்பதை விட்டுவிட்டு வேலையில் இறங்குவோம். சென்ற வாரம் அங்கே நிறுத்தியிருந்தோம்.

முந்தைய பகுதிகளை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 1955-ல் வில்லியம் பக்லி தொடங்கிய ‘நேஷனல் ரிவ்யூ’ பத்திரிகை, தனித்தனியே கிடந்த மூன்று தரப்பினரை ஒன்றாக உட்கார வைத்தது. சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்றவர்கள், மதமும் மரபும் காக்கப்பட வேண்டும் என்றவர்கள், சோவியத் ஒன்றியத்தோடு சமரசமே ஆகாது என்றவர்கள். 1960-ல் கோல்ட்வாட்டர் பெயரில் ஒரு சிறு நூல் வந்தது. எழுதிக் கொடுத்தவர் பக்லியின் மைத்துனர் பிரெண்ட் போஸெல். கல்லூரி விடுதிகளில் அது கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், கனெக்டிகட் மாநிலத்து ஷாரனில் உள்ள பக்லி குடும்பத்து வீட்டில் இளைஞர் அமைப்பு ஒன்றும் பிறந்தது.

கருத்து இருந்தது. எழுத ஆட்கள் இருந்தார்கள். தலைவர் ஒருவரும் தென்பட்டார். கட்சி மட்டும் கையில் இல்லை.

அதை எப்படிப் பிடித்தார்கள், பிடிப்பதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது இந்த வாரக் கதை.

நாற்காலிகளை நிரப்பியவர்கள்

1961 அக்டோபர் 8. சிகாகோவின் அவென்யூ மோட்டலில் 22 பேர் ஓசையின்றிக் கூடினார்கள். அழைத்தவர்கள் மூவர். கிளிஃப்டன் ஒயிட், தேர்தல் வேலையைத் தொழிலாகவே செய்துவந்தவர். வில்லியம் ரஷர், ‘நேஷனல் ரிவ்யூ’வின் வெளியீட்டாளர். ஜான் ஆஷ்புரூக், ஒஹையோவிலிருந்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர். மூவருமே கட்சியின் இளைஞர் அணியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

அவர்களில் கட்சியின் உள்கட்டமைப்பைக் கரைத்துக் குடித்தவர் ஒயிட். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சியின் தேசிய மாநாடு. மாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகளைப் பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாநிலங்கள் அன்று குறைவு. பெரும்பாலான மாநிலங்களில், வட்ட அளவில் ஒரு கூட்டம் நடக்கும். அங்கே தேர்வானவர்கள் மாவட்டக் கூட்டத்துக்குப் போவார்கள். அங்கிருந்து மாநில மாநாடு, பிறகு தேசிய மாநாடு.

அந்த அடிமட்டக் கூட்டங்களுக்கு யாரும் வருவதில்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூட அறையில், யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில், பத்துப் பேர் கூடிக் கைதூக்கிக் கலைவார்கள். இருபது பேரை அழைத்துக்கொண்டு போனால் அந்த வட்டம் நம்முடையது.

ஒயிட்டின் திட்டம் மொத்தமும் இவ்வளவுதான். நியூயார்க்கின் சானின் கட்டடத்தில் 3505-ஆம் எண் அறைகளை வாடகைக்கு எடுத்தார். வாசலில் அமைப்பின் பெயர்கூட இல்லை. நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார். இல்லத்தரசிகள், சிறு தொழிலதிபர்கள், பல் மருத்துவர்கள், கல்லூரி மாணவர்கள் எனக் கட்சிக் கூட்டத்தை முன்பு எட்டிப் பார்த்திராதவர்கள் குறித்த நாளில் குறித்த நேரத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

கட்சியின் பழைய எசமானர்கள் நியூயார்க் வங்கிகளையும் பெரிய நாளேடுகளையும் வைத்திருந்தார்கள். காலி நாற்காலிகளைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை.

இன்னொரு வாசலும் ஒயிட்டுக்குத் திறந்தது. அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி என்பதால், தென்மாநில வெள்ளையர்கள் நூறாண்டுகளாகப் பெரும்பாலும் குடியரசுக் கட்சியைத் தீண்டாமலே இருந்தார்கள். அங்கே கட்சி ஒரு நிழல்தான். ஆனால் அந்த நிழலுக்கும் மாநாட்டில் வாக்கு உண்டு. நகரங்களில் புதிதாக வளர்ந்திருந்த வெள்ளை நடுத்தர வர்க்கத்தைக் கொண்டு தெற்கின் கட்சிக் கிளைகளை ஒயிட்டின் ஆட்கள் ஒவ்வொன்றாக நிரப்பினார்கள்.

இத்தனைக்கும் வேட்பாளர் சம்மதிக்கவே இல்லை. எனக்கு வேண்டாம் என்று கோல்ட்வாட்டர் ஒயிட்டிடம் முகத்துக்கு நேரே சொன்னார். சம்மதம் இல்லாமலே அவரை நிறுத்துவது என்று குழு முடிவெடுத்தது. 1963 ஜூலை 4 அன்று வாஷிங்டனில் அவருக்காக நடந்த பேரணிக்கு நாடெங்குமிருந்து பேருந்துகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

மனமில்லாத வேட்பாளர்

கோல்ட்வாட்டர் யார்? ஃபீனிக்ஸ் நகரத்துத் துணிக்கடைக் குடும்பத்தின் மகன். அரிசோனா ஒரு மாநிலமாவதற்கு முன்பே, 1909-ல் அங்கே பிறந்தவர். விமானி, விமானப்படை ரிசர்வில் ஜெனரல். 1952-ல் செனட்டின் பெரும்பான்மைத் தலைவரையே தோற்கடித்து உள்ளே நுழைந்தவர். மனத்தில் பட்டதைப் பளிச்சென்று சொல்லிவிடும் சுபாவம் அவருடைய பலம். அதுவே அவரைக் கவிழ்க்கவும் போதுமானதாக இருந்தது.

ஜான் கென்னடியை எதிர்த்து நிற்பதென்றால் அவருக்கு ஓரளவு ஆசை இருந்தது. செனட்டில் ஒன்றாக இருந்தவர்கள், கொள்கையில் எதிர் எதிர், பழக்கத்தில் நண்பர்கள். ஊர் ஊராக ஒன்றாகப் போய் ஒரே மேடையில் விவாதிக்கலாம் என்றுகூட இருவரும் பேசியிருக்கிறார்கள்.

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கோல்ட்வாட்டருக்கு இருந்த கொஞ்ச ஆசையும் அன்றோடு வடிந்தது. பதினான்கு மாதங்களுக்குள் மூன்றாவது அதிபரை நாடு ஏற்காது என்பது அவருக்குத் தெரியும். கென்னடிக்குப் பின் அதிபரான லிண்டன் ஜான்சனின் தந்திரங்கள்மீது அவருக்கு மரியாதையும் இல்லை.

ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் அவரை நம்பித் தெருவில் இறங்கிவிட்டார்கள். இனிப் பின்வாங்கினால் அவர்களை ஏமாற்றியதாகும். 1964 ஜனவரி 3 அன்று, குதிகாலில் அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு தன் வீட்டு முற்றத்தில் நின்று, போட்டியிடுவதாக அறிவித்தார்.

தொடக்கமே சறுக்கல். நியூ ஹாம்ப்ஷயரில் பிரச்சாரத்துக்குப் போனவர், முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்வதை அவரவர் விருப்பத்துக்கு விடலாம் என்றார். ஓய்வூதியத்தை நம்பி வாழ்ந்த முதியவர்கள் மிரண்டார்கள். மார்ச் 10 அன்று அங்கே வென்றது ஊரிலேயே இல்லாத ஒருவர். சைகோனில் தூதராக இருந்த ஹென்றி கேபட் லாட்ஜின் பெயரை மக்கள் தாங்களாகவே வாக்குச் சீட்டில் எழுதினார்கள். மே மாதம் ஒரிகனில் ராக்ஃபெல்லர் வென்றார்.

எல்லாம் கலிஃபோர்னியாவில் வந்து நின்றது.

ஜூன் 2 தேர்தலுக்கு ராக்ஃபெல்லர் பணத்தைக் கொட்டினார். கோல்ட்வாட்டரிடம் தொண்டர்கள் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி, ஆரஞ்சு மாவட்டத்தின் புத்தம் புதிய குடியிருப்புகளில், விமான ஆலைகளிலும் பாதுகாப்புத் தொழிற்சாலைகளிலும் சம்பளம் வாங்கிச் சொந்த வீடு கட்டியிருந்த குடும்பங்கள் அவர்கள். இல்லினாயின் ஆல்டனில் வாழ்ந்த ஃபிலிஸ் ஷ்லாஃப்லி சொந்தமாக அச்சிட்ட சிறு புத்தகத்தைக் கட்டுக் கட்டாக வாங்கி வீடு வீடாகக் கொடுத்தார்கள். நியூயார்க்கின் மேட்டுக்குடி ஒன்று ஒவ்வொரு முறையும் நம் வேட்பாளரைத் திருடுகிறது என்பது அந்தப் புத்தகத்தின் குற்றச்சாட்டு.

ராக்ஃபெல்லருக்கு இன்னொரு சங்கடம். மனைவியை விவாகரத்து செய்து, தானும் அப்போதுதான் விவாகரத்து பெற்றிருந்த ஒரு பெண்ணை முந்தைய ஆண்டுதான் மணந்திருந்தார். தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால், மே 30 அன்று, அவர்களுக்கு மகன் பிறந்தான். மறந்துபோயிருந்த பேச்சு மறுபடியும் தேவாலய வாசல்களில் கிளம்பியது.

இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் சுமார் 68,000 வாக்கு வித்தியாசத்தில் கோல்ட்வாட்டர் வென்றார். வேட்பாளர் பதவி ஏறத்தாழ அவர் கைக்கு வந்துவிட்டது.

ஜூன் 19

இந்தக் கதையின் திருப்புமுனை பெரும்பாலோர் நினைப்பதுபோல மாநாட்டு மேடையில் நிகழவில்லை. கலிஃபோர்னியா வெற்றிக்குப் பதினேழு நாள் கழித்து, செனட்டில் பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தபோது நிகழ்ந்தது.

உணவு விடுதி, தங்கும் விடுதி, திரையரங்கு போன்ற பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டம் அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. தென்மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே அதை முடக்கி வைத்திருந்தார்கள். அந்த முடக்கத்தை உடைக்கத் துணைநின்றவர் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சன். சட்டம் 73-க்கு 27 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்த ஆறு பேரில் ஒருவர் கோல்ட்வாட்டர்.

அவர் நிறவெறியர் இல்லை. அரிசோனாவின் விமானத் தேசியக் காவல்படையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் பணியாற்ற வழிவகுத்தவர். 1957-லும் 1960-லும் வந்த குடிமை உரிமைகள் சட்டங்களை ஆதரித்தவர். இந்த முறை அவருக்கு உறுத்தியவை இரண்டு பிரிவுகள், பொது இடங்கள் பற்றியது ஒன்று, வேலைவாய்ப்பு பற்றியது மற்றொன்று. தனியார் கடையில் யாருக்கு விற்க வேண்டும், யாரை வேலைக்கு வைக்க வேண்டும் என்று சொல்ல மத்திய அரசுக்கு அரசியல் சாசனம் அதிகாரம் தரவில்லை என்றார். இதை அமல்படுத்தப் புறப்பட்டால் நாடு போலீஸ் ராஜ்யமாகிவிடும் என்று அவையில் எச்சரித்தார்.

அவர் அதை நம்பித்தான் சொன்னார். ஆனால் கொள்கை வானத்தில் நிற்பதில்லை, மனிதர்கள் மேல் வந்து விழுகிறது. நெடுஞ்சாலையில் இரவு வந்த கறுப்பினக் குடும்பத்தை விடுதிக்காரர் திருப்பி அனுப்புகிறார். அங்கே விடுதிக்காரரின் உரிமையைக் காத்த கொள்கை, காரிலேயே குழந்தைகளைத் தூங்க வைத்த தாயின் உரிமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாய்க்குக் கிடைத்த பதில், உங்கள் மாநிலம் பார்த்துக்கொள்ளும் என்பது. எந்த மாநிலம்? மிசிசிப்பியா?

வாக்கெடுப்பு முடிந்து இரண்டாம் நாள், ஜூன் 21 இரவு, மிசிசிப்பியில் கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் பணியில் இருந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கிடைக்க ஆகஸ்ட் ஆனது.

சட்டத்தை எதிர்த்த கோல்ட்வாட்டருக்கும் கொலைகாரர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்தக் கொலைகளை மனத்துக்குள் மெச்சியவர்கள் அந்த ஆண்டு தங்கள் வேட்பாளர் யார் என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவை அவர் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் வலுவும் அவரிடம் இருக்கவில்லை.

கௌ பேலஸ்

ஜூலை 13. சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில், கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டிய கௌ பேலஸ் அரங்கத்தில் மாநாடு தொடங்கியது. வெளியே குடிமை உரிமைப் போராளிகள் பதாகைகளோடு நின்றார்கள். உள்ளே, ஒயிட்டின் மூன்று ஆண்டு உழைப்பு வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது.

அவரைத் தடுக்கக் கடைசி நேரத்தில் களமிறங்கியவர் பென்சில்வேனியா ஆளுநர் வில்லியம் ஸ்க்ரான்டன். ஜூன் 12-ல்தான் அறிவித்தார். எண்ணிக்கை அதற்குள் முடிந்த கணக்காகிவிட்டிருந்தது.

ஆனாலும் ஒரு கேள்விக்கு மாநாடு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. கட்சிக்குள் நுழைந்துவிட்ட தீவிரவாதக் கும்பல்களை என்ன செய்வது?

மிட்டாய் ஆலை அதிபரான ராபர்ட் வெல்ச் 1958-ல் தொடங்கிய ஜான் பர்ச் சங்கம் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களோடு வளர்ந்திருந்தது. முன்னாள் அதிபர் ஐசன்ஹோவரே கம்யூனிஸ்டுச் சதியின் கருவி என்று எழுதியவர் இந்த வெல்ச். 1962-ல் பக்லி தன் பத்திரிகையில் வெல்ச்சைக் கடுமையாகக் கண்டித்தார். வெல்ச் பதவி விலக வேண்டும் என்று கோல்ட்வாட்டரும் எழுதினார். உறுப்பினர்களை மட்டும் இருவருமே பகைத்துக்கொள்ளவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் அவர்களும் கணிசம்.

ஜூலை 14 இரவு. கம்யூனிஸ்டுகள், நிறவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் க்ளான், ஜான் பர்ச் சங்கம் ஆகியோரைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் கொள்கை அறிக்கைத் திருத்தத்தை ஆதரித்துப் பேச ராக்ஃபெல்லர் மேடையேறினார். அவருக்கு ஒதுக்கியது ஐந்து நிமிடம்.

வாய் திறந்ததும் கூச்சல் கிளம்பியது. ஊளை, மணியோசை, ஊதல். கோல்ட்வாட்டரின் பெயரை அரங்கம் ஓயாமல் முழங்கியது. ராக்ஃபெல்லர் நின்றார், சிரித்தார், காத்திருந்தார். இது இன்னும் சுதந்திர நாடுதான் என்று அவர்களுக்கு நினைவூட்டினார். கூச்சல் கூடியது.

அரங்கத்துக்கு வெளியே நிறுத்திய ட்ரெய்லர் வண்டியில் தொலைபேசிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒயிட், நம் ஆட்களை அமைதியாக இருக்கச் சொல்லுங்கள் என்று உத்தரவு மேல் உத்தரவு அனுப்பினார். பிரதிநிதிகளை அவரால் கட்டுப்படுத்த முடிந்தது. மேலே பார்வையாளர் மாடங்களில் பொங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அவருடைய கம்பி எட்டவில்லை.

கோடிக்கணக்கான வீடுகளில் தொலைக்காட்சி அதை அப்படியே காட்டியது. ராக்ஃபெல்லருக்காக வந்திருந்த பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், வெள்ளையர் மட்டுமே ஆடிய லீகுகளின் தடையை 1947-ல் உடைத்தவர், அந்த அரங்கத்தில் நின்று பார்த்தார். ஹிட்லரின் ஜெர்மனியில் ஒரு யூதனாக இருப்பது எப்படி என்று தனக்கு அன்று புரிந்தது எனப் பின்னாளில் சொன்னார். லிங்கனின் கட்சியில் அவரைப் போன்றவர்கள் தங்க இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அரங்கம் தன் குரலாலேயே விடை சொல்லிவிட்டது.

திருத்தம் தோற்றது.

மறுநாள் இரவு மாநிலம் மாநிலமாகப் பெயர் கூப்பிட்டார்கள். மொத்தம் 1,308 பிரதிநிதிகள், தேவை 655. கோல்ட்வாட்டரை அந்த எண்ணுக்கு மேல் தூக்கிவிட்ட மாநிலம் தென் கரோலைனா. இறுதிக் கணக்கில் கோல்ட்வாட்டருக்கு 883, ஸ்க்ரான்டனுக்கு 214, ராக்ஃபெல்லருக்கு 114.

இரண்டு வாக்கியங்கள்

வென்றவர் தோற்றவர்களை அணைத்துக்கொள்ளும் நேரம் ஏற்புரை. ஜூலை 16 அன்று நிக்சன் அறிமுகப்படுத்த, கோல்ட்வாட்டர் மேடைக்கு வந்தார்.

உரையை எழுத உதவியவர்களில் ஒருவர் ஹாரி ஜாஃபா, லிங்கனை ஆழ்ந்து கற்ற அரசியல் அறிஞர். தீவிரவாதம் பற்றிய வாதங்களுக்குப் பதிலாக அவர் ஒரு குறிப்பில் எழுதிய வரிகள் கோல்ட்வாட்டருக்குப் பிடித்துப்போய், அப்படியே உரைக்குள் வந்தன. சுதந்திரத்தைக் காப்பதில் தீவிரம் குற்றமாகாது. நீதியைத் தேடுவதில் மிதம் நற்குணமாகாது.

அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. நியூயார்க் செனட்டர் கென்னத் கீட்டிங் எழுந்து வெளியே நடந்தார்.

தனியாகப் படித்தால் அந்த வாக்கியங்களில் குறை காண்பது கடினம். அடிமை முறையை எதிர்த்தவர்களும் ஒரு காலத்தில் இதையே சொல்லியிருப்பார்கள். ஆனால் இரண்டு இரவுகளுக்கு முன் கூச்சலிட்டவர்களின் முன்னால், க்ளானைக் கண்டிக்க மறுத்த அதே மேடையில் நின்று சொன்னபோது, அவை கதவைச் சாத்தித் தாழிட்ட ஓசையாகவே நாட்டுக்குக் கேட்டன.

மாநாட்டுக்குப் பிறகு இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. இத்தனையும் கட்டியெழுப்பிய ஒயிட் கட்சித் தலைவர் பதவியை எதிர்பார்த்திருந்தார். கோல்ட்வாட்டர் அதைத் தன் அரிசோனா நண்பர் டீன் பர்ச்சுக்குக் கொடுத்தார். வேட்பாளர் பதவியை வாங்கித் தந்தவரின் கையில் பிரச்சாரம் இல்லை.

இலையுதிர் கால ஓட்டம்

பிரச்சாரத்தை விரைவாகவே கடந்துவிடலாம். முடிவு எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அணு ஆயுதம் பற்றிக் கோல்ட்வாட்டர் முன்பு அலட்சியமாகப் பேசியவற்றையெல்லாம் ஜான்சன் தரப்பு சேர்த்து வைத்திருந்தது. செப்டம்பர் 7 அன்று என்.பி.சி.யில் ஒரு விளம்பரம் வந்தது. பூவின் இதழ்களை எண்ணும் ஒரு சிறுமி, பிறகு அணுகுண்டு வெடிப்பு. கோல்ட்வாட்டரின் பெயரே அதில் இல்லை. காசு கொடுத்து ஒரே ஒரு முறைதான் ஒளிபரப்பினார்கள். அது போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 16-ல் தென் கரோலைனா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் ஜனநாயகக் கட்சியை விட்டுக் குடியரசுக் கட்சிக்கு வந்தார். 1948-ல் நிறப் பிரிவினையைக் காக்கவே தனிக்கட்சி கண்டு அதிபர் தேர்தலில் நின்றவர் அவர். அதற்கு முன்பே, மாநாடு முடிந்த சில நாட்களில், அதே கொள்கை கொண்ட அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அதிபர் போட்டியிலிருந்து விலகியிருந்தார். அவருடைய வாக்காளர்களுக்குப் போக்கிடம் கிடைத்துவிட்டது.

கோல்ட்வாட்டர் அந்த நெருப்பை ஊத மறுத்தார் என்பதையும் எழுதியாக வேண்டும். ஜூலை இறுதியில் வெள்ளை மாளிகைக்குப் போய், நிறப் பகையைக் கிளறி வாக்குக் கேட்பதில்லை என்று ஜான்சனோடு பேசி வைத்தார். நகரக் கலவரங்களைக் காட்டி அவருடைய ஆதரவாளர்கள் எடுத்த பிரச்சாரப் படத்தை நிறவெறிப் படம் என்று சொல்லி நிறுத்தினார். நேர்மையானவர்தான். ஆனால் ஜூன் 19 வாக்குக்குப் பிறகு அந்த நெருப்புக்கு அவருடைய ஊதல் தேவைப்படவில்லை.

அக்டோபர் 27

தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்தது. கலிஃபோர்னியாவின் பணக்கார ஆதரவாளர்கள் சிலர் காசு போட்டு, என்.பி.சி.யில் அரை மணி நேரம் வாங்கியிருந்தார்கள். பேசப் போவது வேட்பாளர் அல்லர். 53 வயது நடிகர் ரொனால்ட் ரீகன்.

திரையில் அவருடைய காலம் மங்கியிருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடரை எட்டு ஆண்டுகள் தொகுத்து வழங்கினார். அந்த வேலையின் ஒரு பகுதியாக நிறுவனத்தின் ஆலைகளுக்கெல்லாம் போய்த் தொழிலாளர்கள் முன் பேசினார். வரி, அதிகாரிகளின் கெடுபிடி, கம்யூனிசம் என்று ஒரே பேச்சைப் பல நூறு கூட்டங்களில் பேசிப் பேசித் தீட்டியிருந்தார். எந்த வரிக்குத் தலையாட்டுவார்கள், எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். 1962 வரை அவர் ஜனநாயகக் கட்சிக்காரர்.

கோல்ட்வாட்டரின் ஆலோசகர்கள் தயங்கினார்கள். பேச்சில் முதியோர் ஓய்வூதியம் வருகிறது, மறுபடியும் அந்தப் புண்ணைக் கிளற வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றார்கள். கோல்ட்வாட்டரே ரீகனைத் தொலைபேசியில் அழைத்தார். நீங்கள் அதைக் கேட்டீர்களா என்றார் ரீகன். கேட்டிருக்கவில்லை. பதிவை வாங்கிக் கேட்டார் கோல்ட்வாட்டர். முடிந்ததும், இதில் என்ன தவறு என்று தன் ஆட்களைத்தான் திருப்பிக் கேட்டார்.

பேச்சு ஒளிபரப்பானது. கோல்ட்வாட்டர் சொன்ன அதே விஷயங்கள்தான். அரசு பெருத்துவிட்டது, வரி கழுத்தை நெரிக்கிறது, கம்யூனிசத்துக்கு விட்டுக்கொடுத்தால் அமைதி வராது. ஆனால் கோல்ட்வாட்டர் சொன்னபோது மிரட்டலாகக் கேட்டவை, ரீகனின் வாயில் பக்கத்து வீட்டுக்காரரின் கவலையாகக் கேட்டன. கதைகளாகச் சொன்னார், கணக்குகளை எளிமையாக்கினார், தணிந்த குரலில் முடித்தார்.

நன்கொடைகள் குவிந்தன. 1896-ல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஆற்றிய புகழ்பெற்ற உரைக்குப் பிறகு தேசிய அரசியலில் இப்படி ஒரு வெற்றிகரமான அரங்கேற்றம் நடந்ததில்லை என்று பின்னர் எழுதினார்கள்.

தோற்கப்போகும் வேட்பாளருக்காக ஆற்றிய பேச்சு அது. பலருக்கு அடுத்த வேட்பாளர் கண்ணில் பட்டுவிட்டார்.

எண்ணிக்கை

நவம்பர் 3. ஜான்சனுக்கு 61 சதவீதத்துக்கு மேல், சுமார் 4.3 கோடி வாக்குகள். கோல்ட்வாட்டருக்கு 38.5 சதவீதம், சுமார் 2.7 கோடி. மாநிலவாரித் தேர்வாளர் கணக்கில் 486-க்கு 52. நாடாளுமன்றக் கீழவையில் ஜனநாயகக் கட்சிக்கு 295 இடங்கள், குடியரசுக் கட்சிக்கு 140. தேர்தலில் மட்டுமின்றிப் பழமைவாதக் கொள்கையின் எதிர்காலத்தையும் கோல்ட்வாட்டர் தோற்றுவிட்டார் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ஜேம்ஸ் ரெஸ்டன் எழுதினார். அன்று அதை மறுக்க ஆளில்லை.

ஆனால் வரைபடத்தை உற்றுப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். கோல்ட்வாட்டர் வென்றவை ஆறு மாநிலங்கள். சொந்த மாநிலம் அரிசோனாவில் மயிரிழையில் தப்பினார். மற்ற ஐந்தும் ஆழ்தெற்கு: லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலைனா. ஜார்ஜியா அதுவரை ஒரு முறைகூடக் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்ததில்லை. மிசிசிப்பியில் அவருக்கு 87 சதவீதம். அங்கே கறுப்பினத்தவரில் பத்தில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை.

மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. 1960-ல் நிக்சன் கறுப்பின வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெற்றிருந்தார். கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தது சுமார் ஆறு சதவீதம். லிங்கன் காலத்திலிருந்து பேரன் பேத்தி வரை தொடர்ந்த உறவில் எஞ்சியிருந்ததும் ஒரே தேர்தலில் அறுந்தது.

சுதந்திரத்தின் பெயரால் எழுந்த இயக்கத்துக்கு அதன் முதல் பெருங்கோட்டையைத் தந்தவர்கள், பக்கத்து மனிதனின் சுதந்திரத்தை மறுத்தவர்கள். இந்தத் தொடரில் இனி வரும் ஒவ்வொரு வெற்றிக்கும் அடியில் இந்தக் கடன் இருக்கிறது. ஜூன் 19 வாக்கைக் கொள்கையின் உறுதி என்று மட்டும் எழுதிவிட்டு நகரும் வரலாறு, கதையின் பாதியைத்தான் சொல்கிறது.

எஞ்சிய பெயர்கள்

தோற்றவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. டிசம்பரிலேயே வாஷிங்டனில் கூடி அமெரிக்கப் பழமைவாதிகள் ஒன்றியத்தைத் தொடங்கினார்கள். வட்டக் கூட்டங்களில் நாற்காலி பிடித்தவர்கள் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

ரிச்சர்ட் விகரி என்ற டெக்சாஸ் இளைஞர் இன்னொரு புதையலைக் கண்டார். 50 டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரும் முகவரியும் சட்டப்படி நாடாளுமன்றக் கீழவையின் எழுத்தர் அலுவலகத்தில் இருந்தன. யாரும் போய்ப் பார்க்கலாம், கையால் எழுதியெடுக்கலாம். பழைய தேர்தல்களில் சில பெரும் பணக்காரர்களே கட்சிக்குக் கொடுத்தார்கள். கோல்ட்வாட்டருக்கோ சாதாரண மக்கள் லட்சக்கணக்கில் அஞ்சலில் காசு அனுப்பியிருந்தார்கள்.

விகரி அங்கே போய் எழுதத் தொடங்கினார். பிறகு சில பெண்களைக் கூலிக்கு அமர்த்தி எழுத வைத்தார். 12,500-க்கு மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. தோற்ற தேர்தலில் காசு கொடுத்தவர்கள் அவர்கள். சரியான கடிதம் வந்தால் மறுபடியும் கொடுப்பார்கள். 1965-ல் அந்தப் பட்டியலை வைத்து அவர் தொடங்கிய அஞ்சல் பிரச்சாரத் தொழில், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இயக்கத்தின் கருவூலமானது.

ஆக, 1965 பிறந்தபோது இயக்கத்திடம் ஆட்கள் இருந்தார்கள், பட்டியல் இருந்தது, தெற்கில் ஒரு நிலப்பரப்பு இருந்தது. பெருவாரி மக்கள் அஞ்சாமல் கேட்கக்கூடிய குரல் ஒன்றுதான் தேவை. கலிஃபோர்னியாவில் ரீகனுக்குப் பணம் போட்ட அதே செல்வந்தர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆளுநர் தேர்தல். எதிரே நிற்பவர் 1962-ல் நிக்சனையே தோற்கடித்த பாட் பிரவுன்.

அரசுப் பதவி எதையும் வகித்திராத ஒரு நடிகரால், கோல்ட்வாட்டரின் கொள்கையை அப்படியே வைத்துக்கொண்டு, கோல்ட்வாட்டர் விதைத்த அச்சத்தை மட்டும் களைய முடியுமா? முடிந்தாலும், ஜூன் 19 அன்று கட்சிக்குள் வந்தவர்களிடம் அவர் என்ன சொல்லப் போகிறார்?

(தொடரும்)